கதீஜா நாயகி ஏறிய மலை

மக்காவுக்கு உம்ரா என்னும் புனிதப் பயணம் போகிறவர்கள் எல்லாரும் ஜபல் நூரில் ஏறுவதில்லை. பெரும்பாலான குழுக்கள் அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தி, ‘அதோ, அந்த உச்சியில்தான் ஹிரா குகை’ என்று கைகாட்டிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடும். அந்த மலையில் ஏறுவது உம்ராவின் பகுதி அல்ல என்று அங்கே அறிவிப்பும் வைத்திருக்கிறார்கள். சரியான அறிவிப்புதான். வணக்கம் வேறு, அன்பு வேறு. ஆனாலும் நானும் உம்மாவும் ஏறினோம். நபி (ஸல்) அவர்களின் மனைவி கதீஜா நாயகி (ரலி) அவர்கள் பட்ட பாட்டை என் கால்களால் அறிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஸுப்ஹு என்னும் வைகறைத் தொழுகைக்கு வெகு நேரம் முன்பே புறப்பட்டோம். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பாறைகளில் கைவைக்க முடியாது. மலையின் உயரம் சுமார் 640 மீட்டர். இப்போது படிகள் இருக்கின்றன. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம் என்று ஒழுங்கில்லாத படிகள். உம்மா அறுபதைத் தாண்டியவர். பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார், ஸலவாத் ஓதினார், எழுந்தார். ‘போதும் உம்மா, திரும்பிவிடலாம்’ என்று நான் சொன்னபோது, ‘அவங்க சோறும் தண்ணியும் சுமந்துகிட்டு ஏறினாங்களே மகளே’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ என்னும் இறைச்செய்தி வருவதற்கு முந்தைய காலம் அது. மக்காவின் சந்தை இரைச்சலையும் கஅபாவைச் சுற்றி நின்ற சிலைகளையும் விட்டு விலகி, பல இரவுகள் தொடர்ச்சியாக ஹிராவில் தங்கித் தியானிப்பார்கள். உணவு தீர்ந்தால் கதீஜா நாயகியிடம் திரும்பி வந்து, மறுபடியும் எடுத்துக்கொண்டு போவார்கள். நாயகியே உணவு கொண்டுபோய்க் கொடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி அப்போது அவர்களுக்கு ஐம்பத்தைந்து வயது. வணிகக் கூட்டங்களைச் சிரியாவுக்கு அனுப்பிய செல்வச் சீமாட்டி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாய். கணவர் ஏன் வீட்டை விட்டு மலைக்குப் போகிறார் என்று அவர்கள் தடுத்ததாக எந்தச் செய்தியும் இல்லை.

உச்சியிலேயே ஸுப்ஹு தொழுதோம். கீழே மக்கா விளக்குகளோடு விரிந்துகிடந்தது. கஅபா இருக்கும் ஹரம் பள்ளிவாசலுக்குப் பக்கத்து மணிக்கூண்டு பச்சை ஒளியோடு நின்றது. குகைக்குப் போக உச்சியிலிருந்து சற்றுக் கீழே இறங்கி, பாறைகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைய வேண்டும். கூட்டம் நெருக்கியடித்தது. முறை வந்து உள்ளே போனபோது எனக்கு வியப்பாகிவிட்டது. இவ்வளவு சிறிய இடமா? மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம், அவ்வளவுதான். 610ஆம் ஆண்டு ரமலானில், நபியவர்களின் நாற்பது வயதில், இந்த இடுக்கில்தான் வானவர் ஜிப்ரீல் (அலை) வந்து நபியவர்களை இறுக அணைத்து ‘ஓதுவீராக’ என்றார்கள். எழுதுகோலைக் கொண்டு கற்றுக்கொடுத்த இறைவனைப் பற்றிய வசனங்கள், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் முதலில் வந்து சேர்ந்தன.

ஆனால் அன்று என் மனம் குகைக்குள் நிலைக்கவில்லை. இறங்கும் வழியில்தான் நின்றது. நடுங்கியபடி இந்தச் சரிவில் இறங்கி, சில கிலோமீட்டர் நடந்து, நபியவர்கள் முதலில் போய் நின்றது மனைவியிடம். ‘போர்த்துங்கள், என்னைப் போர்த்துங்கள்’ என்றார்கள். நாயகி போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்ததும், தமக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தை நபியவர்கள் சொல்ல, நாயகி தந்த பதிலை நான் சிறுமியாக மதரஸாவில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அல்லாஹ் உங்களை ஒருபோதும் கேவலப்படுத்த மாட்டான்; நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், இயலாதவரின் சுமையைச் சுமக்கிறீர்கள், இல்லாதவருக்குத் தேடிக்கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், துன்பத்தில் இருப்பவருக்குத் துணை நிற்கிறீர்கள் என்று சொன்னார்கள். வானவரைக் கண்டவர் நபியவர்கள். காணாமலேயே நம்பியவர் நாயகி. பதினைந்து ஆண்டு இல்லறத்தில் கண்ட குணமே அவர்களுக்குச் சான்றாகப் போதுமானதாக இருந்தது. மனம் தெளிந்த பெண் என்றால் அது அவர்கள்தான். பிறகு தம் உறவினர் வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துப் போனார்கள். வேதங்கள் அறிந்த, பார்வை இழந்த முதியவர் அவர். மூஸா நபியிடம் வந்த அதே வானவர்தான் இவர் என்று சொன்னார். உம் மக்கள் உம்மை ஊரைவிட்டு வெளியேற்றுவார்கள் என்றும் சொன்னார்.

அந்த வெளியேற்றத்தைக் காண நாயகி உயிரோடு இல்லை. நபியவர்களின் பனூ ஹாஷிம் குலத்தாரோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைக்கக் கூடாது என்று மக்காவின் குறைஷிகள் அவர்களை மூன்று ஆண்டுகள் ஒரு பள்ளத்தாக்கில் ஒதுக்கிவைத்தார்கள். சீமாட்டியாக வாழ்ந்தவர் அந்தப் பள்ளத்தாக்கில் பசியோடு கிடந்தார். ஒதுக்கல் முடிந்து சிறிது காலத்தில், 619இல், மறைந்தார். அதே ஆண்டில் நபியவர்களின் பெரிய தந்தை அபூதாலிபும் இறந்தார். மக்காவின் ஜன்னத்துல் முஅல்லா அடக்கத்தலத்தில் நாயகியின் கப்ர் இருக்கிறது. பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே நின்றே ஸலாம் சொன்னோம். இரைச்சலும் களைப்பும் இல்லாத ஒரு வீடு சொர்க்கத்தில் அவர்களுக்காகக் காத்திருக்கிறது என்று ஜிப்ரீல் நற்செய்தி சொன்னதாக ஹதீஸில் வருகிறது. வலிக்கும் முழங்காலோடு அங்கே நின்றபோது, களைப்பில்லாத வீடு ஏன் என்று எனக்கு விளங்கியது.

உம்ராவின் பகுதியான ஸயீ செய்தபோதும் இதே நினைவுதான். ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு முறை, மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். பச்சை விளக்குப் பகுதி வந்ததும் ஆண்கள் ஓடுகிறார்கள். பெண்கள் நடந்தால் போதும். அன்று குழந்தை இஸ்மாயீலுக்காகத் தண்ணீர் தேடி ஓடியவர் ஹாஜரா நாயகி. ஒரு தாயின் பதைபதைப்பைத்தான் உலகத்து ஆண்களெல்லாம் அங்கே ஓடிக்காட்டுகிறார்கள்.

தவ்ர் மலையில் ஏறவில்லை, உம்மாவால் முடியாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். 622இல் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்ட நபியவர்களும் தோழர் அபூபக்கர் (ரலி) அவர்களும் அந்த மலைக்குகையில் மூன்று இரவுகள் மறைந்திருந்தார்கள். பயணத்துக்கான உணவுப்பையைக் கட்டக் கயிறு கிடைக்காமல், அபூபக்கரின் மகள் அஸ்மா (ரலி) தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். அப்போது அவர்கள் கர்ப்பிணி.

மதீனாவுக்கு இப்போது ரயிலிலேயே போய்விடலாம்.

மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவிக்கு வடக்கே, நகரத்தை அணைத்தாற்போல் கிடக்கிறது உஹது மலை. சிவந்த பாறை. ‘உஹது நம்மை நேசிக்கும் மலை, நாமும் அதை நேசிக்கிறோம்’ என்பது நபிமொழி. எதிரே அம்பெய்தவர்கள் நின்ற ஜபல் ருமாத் என்னும் சிறு குன்று. ஹிஜ்ரி 3இல், 625இல், மக்காவிலிருந்து வந்த மூவாயிரம் பேரை ஏறக்குறைய எழுநூறு பேர் எதிர்கொண்டார்கள். குன்றில் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளர்களில் பெரும்பாலோர், வெற்றி கிடைத்துவிட்டதென்று எண்ணி இறங்கியதும் போர் தலைகீழானது. நபியவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) உட்பட எழுபது பேர் ஷஹீதானார்கள். நபியவர்களின் பல் உடைந்தது, முகத்தில் இரத்தம் வழிந்தது. மகள் ஃபாத்திமா (ரலி) பாயை எரித்து அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்து இரத்தத்தை நிறுத்தினார்கள்.

காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவர் உம்மு உமாரா என்னும் நுஸைபா (ரலி). படை சிதறியதும் தண்ணீர்ப்பையை வைத்துவிட்டு வாளேந்தி நபியவர்களுக்கு முன்னால் போய் நின்றார். தோளில் ஆழமான வெட்டு. வலப்பக்கம் திரும்பினாலும் இடப்பக்கம் திரும்பினாலும் எனக்காகப் போரிடும் அவரையே கண்டேன் என்று நபியவர்கள் சொன்னதாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. எங்களை அழைத்துப் போனவர் ஹம்ஸா அவர்களின் வீரத்தை நெகிழ்ச்சியோடு விவரித்தார். நுஸைபாவின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். பஸ்ஸில் இருந்த பெண்கள் பலர் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். இது என்னை வருத்துகிறது. நம் பெண்பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தாலாட்டிலேயே தெரிந்திருக்க வேண்டாமா?

மஸ்ஜிதுன் நபவிக்குள் இருக்கும் ரவ்ளாவுக்குப் போக நுசுக் செயலியில் முன்பதிவு வேண்டும். பெண்களுக்குத் தனி நேரம். நபியவர்களின் வீட்டுக்கும் மிம்பர் என்னும் சொற்பொழிவு மேடைக்கும் இடைப்பட்ட அந்த இடம் சொர்க்கப் பூங்காக்களில் ஒரு பூங்கா என்று ஹதீஸ் சொல்கிறது. நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் அறைதான் அந்த வீடு. 632இல் ஒரு திங்கட்கிழமை, அவர்களின் மார்பில் சாய்ந்தபடியே நபியவர்களின் உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கமும் ஆனது. பின்னர் அபூபக்கரும் உமரும் (ரலி) அருகிலேயே அடக்கப்பட்டார்கள். அந்த அறையின் சொந்தக்காரரிடமிருந்து சமுதாயம் பெற்றுக்கொண்டவை 2210 ஹதீஸ்கள். ஊரிலிருந்து ஸலாம் சொல்லி அனுப்பியவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக வாசித்தேன். அழுகையில் பாதிப் பெயர்கள் வாய்க்குள்ளேயே நின்றன. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதீனாவின் குபா பள்ளிவாசலுக்குப் போனோம். நபியவர்கள் சனிக்கிழமைகளில் நடந்தும் வாகனத்திலும் அங்கே போவது வழக்கம். வீட்டில் உளூச் செய்து (தொழுகைக்காக முகம், கை, கால் கழுவி) வந்து அங்கே தொழுதால் ஓர் உம்ராவின் நன்மை. இஸ்லாத்தின் முதல் பள்ளிவாசல் அது. நிறைமாதத்தோடு பயணம் செய்து வந்த அஸ்மா நாயகி இறங்கிய இடமும் குபாதான். அங்கே அப்துல்லாஹ் இப்னு ஸுபைரைப் பெற்றெடுத்து, நபியவர்களின் மடியில் கிடத்தினார்கள். நபியவர்கள் ஒரு பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் வைத்தார்கள். மக்காவிலிருந்து வந்தவர்களுக்கு மதீனாவில் பிறந்த முதல் பிள்ளை. தொழுது முடித்ததும் உம்மா என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். என் தங்கைக்கு அடுத்த மாதம் பேறுகாலம். நல்ல அஜ்வாப் பேரீச்சம்பழமாகப் பார்த்து வாங்க வேண்டுமாம். கடைக்காரர் எடுத்துக் காட்டிய முதல் பெட்டியையும் இரண்டாவது பெட்டியையும் உம்மா வேண்டாமென்றுவிட்டார்.