மேட்டுப்பாளையத்து வேப்பிலை

சின்னவளுக்கு அம்மை போட்டு இன்னிக்கு 9 நாள். கொப்புளமெல்லாம் காய்ஞ்சு பக்கு கட்டிடுச்சு. இப்போ பெரியவனுக்கு வருமா வராதாங்கிறதுதான் வீட்டுல பேச்சே. தொத்தினா வெளியே தெரிய 10லிருந்து 21 நாள் வரைக்கும் ஆகலாமாம். கொப்புளம் கிளம்புறதுக்கு 2 நாள் முன்னாடியே பரவுமாம். அப்போ ரெண்டும் ஒரே கம்பளிக்குள்ளதான் படுத்திருந்துச்சுங்க!

தினம் காலையில டார்ச் அடிச்சு அவன் முதுகைப் பார்க்கிறேன். நேத்து ஒரு சிவப்புப் புள்ளி. வயிறே கலங்கிப்போச்சு. பூச்சிக்கடிதான்.

வாசல்ல வேப்பிலை செருகணும்னாங்க அத்தை. கோத்தகிரி குளிர்ல வேப்பமரத்துக்கு எங்க போறது? கண்டக்டர் அண்ணன்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு கட்டு கொண்டாந்து கொடுத்தார்.

அடுத்த வாரம் சித்தப்பா மக கல்யாணம். மொய்க் கவர்ல பேர் எழுதியாச்சு. பஸ் டிக்கெட் இன்னும் போடலை.