புதிய மடிக்கணினி: ஒரே தாளில் தமிழும் பர்மியும்

பங்குனி உத்திர அழைப்பிதழ் நேற்றிரவு ஒருவழியாகச் சரியாக அமைந்துவிட்டது. மேலே தமிழ், கீழே பர்மி, நடுவில் நிகழ்ச்சி நிரலில் இரண்டும் ஒரே வரியில் கலந்து, ஒரு குறிகூட இடம் மாறாமல் அச்சுக்குப் போகும் நிலையில் நின்றதைப் பார்த்தபோது, புதிய மடிக்கணினிக்காகச் செலவிட்ட மூன்று இரவுகளும் வீண்போகவில்லை என்று மனம் நிறைந்தது. யாங்கோனில் கோயில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படிப்பட்ட ஒரு தாளின் அருமை தெரியும். பெரியவர்களுக்குத் தமிழில் இல்லாவிட்டால் அது அழைப்பிதழே ஆகாது. பர்மியப் பள்ளியில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ தமிழ் பேச வந்தாலும் படிக்க வருவதில்லை. எனவே இரண்டும் வேண்டும், இரண்டும் ஒரே அழகோடு வேண்டும்.

பழைய கணினியில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு அந்தப் பழைய கணினியில் இல்லை. ஆகவே புதிது வாங்கினேன். கடைக்காரர் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் தாமே நிறுவிக் கொடுத்திருந்தார், பாட்டுக் கேட்கும் மென்பொருளில் இருந்து பர்மிய எழுத்துரு வரை. அன்றிரவே அத்தனையையும் அழித்துவிட்டு, விண்டோஸை முதலில் இருந்து நிறுவினேன். உரிமச் சாவி கணினியிலேயே பதிந்திருந்ததால் அதில் சிக்கல் வரவில்லை. கொடுத்ததை ஏன் அழித்தாய் என்று வீட்டில் கேட்டார்கள். காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவர் நிறுவிக் கொடுத்த பர்மிய எழுத்துரு, ஒருங்குறி முறைக்கு ஒத்துவராத பழைய ஸோஜி.

ஒருங்குறி (யூனிகோட்) என்பது உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறை. ஸோஜியும் ஒருங்குறியும் திரையில் ஒன்றுபோலத் தோன்றினாலும் உள்ளே சேமிக்கப்படும் வரிசை வேறு. தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் தெரிந்தாலும், ஒருங்குறியில் முதலில் ககரமும் பிறகே கொம்பும் சேமிக்கப்படுகின்றன. பர்மியிலும் மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும் ஏகாரக் குறிக்கு ஒருங்குறியில் இதே முறைதான். ஸோஜி அப்படியல்ல; கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறியை முன்னால் வைத்துச் சேமிக்கிறது. அது போதாதென்று, மோன், ஷான், கரேன் மொழிகளின் எழுத்துகளுக்கென ஒதுக்கப்பட்ட எண்களிலும் பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களைக் குடியேற்றி வைத்திருக்கிறது. 2019 அக்டோபர் 1ஆம் தேதியில் இருந்து ஒருங்குறிக்கு மாறுவதென்று நாடே தீர்மானித்த பிறகும், கடைகளிலும் பழைய கோப்புகளிலும் ஸோஜி இன்னும் போகவில்லை. கணினியில் அது ஓர் எழுத்துருவாக இருந்துவிட்டால், ஏதாவது ஒரு மென்பொருள் பர்மிய எழுத்தைக் காட்ட அதைத் தேர்ந்தெடுத்துவிடும். சரியான ஒருங்குறி உரையும் அப்போது பிழையாகவே தெரியும். எழுதியது பிழையா, காட்டுவது பிழையா என்று கண்டுபிடிக்க முயன்று நான் இழந்த மாலைகள் பல. புதுக் கணினியில் அந்தக் குழப்பத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது என்பது என் உறுதி.

நிறுவியவற்றில் பலவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உலாவிக்கு பயர்பாக்ஸ், அதனுள் விளம்பரம் தடுக்க யூபிளாக் ஆரிஜின், படமும் பாட்டும் பார்க்கக் கேட்க விஎல்சி, பிடிஎப் படிக்கச் சுமாத்ரா, கடவுச்சொற்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி. வைரஸ் தடுப்புக்கு விண்டோஸோடு வரும் டிபென்டரே போதும் என்பது என் அனுபவம். இவற்றை நிறுவுவதற்கு முன் செய்த ஒரு காரியத்தை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று குறித்துவிடுங்கள். கைப்பேசித் தரவில் இணையம் ஓட்டும் நமக்கு, விண்டோஸ் கேட்காமல் இறக்கிக்கொள்ளும் புதுப்பிப்புகளால் ஒரே இரவில் வாங்கிய தரவு முழுவதும் தீர்ந்துவிடும். மின்சாரம் முறைவைத்து வரும் ஊரில் புதுப்பிப்பு பாதியில் நின்றால் அதன் தொல்லை தனி.

கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் செவன் ஜிப்பை மட்டும் சற்று நிதானமாகப் பாராட்ட வேண்டும். ஆவணங்கள் எழுத உதவும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸின் நிறுவல் கோப்பு 300 மெகாபைட்டுக்கு மேல் இருக்கும் என்பதால், நல்ல இணைப்புள்ள நண்பர் ஒருவரிடம் இறக்கித் தரும்படி பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்திருந்தேன். கொண்டுவந்து நிறுவினால் பாதியில் நின்றது. இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்றது. செவன் ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மீது வலப்பக்கம் சொடுக்கும்போது வரும் பட்டியலிலேயே எஸ்எச்ஏ-256 கணக்கிடும் வசதி கிடைக்கும்; கோப்பில் ஓர் இடம் மாறினாலும் முற்றிலும் மாறிவிடும் கைரேகை போன்ற எண் அது. கணக்கிட்டு, லிப்ரே ஆபீஸ் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் நான்கு எழுத்துகளே ஒத்துவரவில்லை. நண்பரின் கணினியில் இருந்த மூலக் கோப்போ சரியாக இருந்தது. அப்படியானால் குற்றம் பென்டிரைவில்தான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் சிறிய ஜெர்மானிய மென்பொருளால் அதை முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்தேன். 64 ஜிபி என்று உறையில் அச்சிட்டு விற்றது. உள்ளே உண்மையாக இருந்தது 8 ஜிபிக்கும் குறைவு. அந்த அளவைத் தாண்டி எழுதியதெல்லாம் காற்றில் போயிருக்கிறது, ஆனால் பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. இப்படி ஏமாற்றி விற்பவர்கள் மீது எனக்குக் கடுங்கோபம் உண்டு. ஒருவருடைய கல்யாணப் படங்கள் அதில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? நடைபாதையில் வாங்கினாலும் பெரிய கடையில் வாங்கினாலும், ஒரு கோப்பைக்கூட வைப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. பெரிய பென்டிரைவ் என்றால் சில மணி நேரம் பிடிக்கும், மின்சாரம் இருக்கும் வேளையாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் கீமேனை விசைப்பலகைக்கு நிறுவினேன். விண்டோஸின் பட்டியலிலேயே தமிழ் 99 என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பு இருக்கிறது, பர்மிக்கும் விசைப்பலகை இருக்கிறது. ஆனாலும் கீமேனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இலவசமாகக் கிடைக்கும் அந்த ஒரே மென்பொருளில் இரண்டு மொழியும் அடங்கும், அதே விசைப்பலகைகளை லினக்ஸிலும் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதே. தமிழ் 99 பழகியவர்கள் வேறெதற்கும் போக மாட்டார்கள். 'அந்த' என்று எழுத அ, ந, த என்று மூன்றே விசைகள். புள்ளி தானாக விழுந்துவிடும்.

கீமேனில் மொழி மாற்றும் குறுக்குவிசையை வைப்பதில் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. பர்மிக்கு நினைவில் நிற்க வேண்டும் என்று கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்தேன். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அதே மூன்றும் எழுத்தைக் கீழிறக்கிச் சிறிதாக்கும் கட்டளை என்பது நினைவுக்கு வரவில்லை. ஒரே விசைச்சேர்க்கைக்கு இரண்டு வேலை என்றானபின், எதை நம்பி அழுத்துவது? கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் 7 தமிழுக்கு, 8 பர்மிக்கு என்று மாற்றிய பிறகு தொல்லை இல்லை.

மூன்று இரவுகளில் இரண்டு போனது அடுத்த கட்டத்தில்தான். லிப்ரே ஆபீஸ் உலக எழுத்துகளை மூன்று கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்து; சீனம், ஜப்பான், கொரியா ஆகியவற்றின் கிழக்காசிய எழுத்து; குறிகள் சேர்ந்து வடிவமோ இடமோ மாறும் 'சிக்கலான எழுத்து'. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியே ஓர் எழுத்துருவும் ஒரு மொழியும் வைக்கலாம். ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆங்கிலம் ஓர் எழுத்துருவிலும் தமிழ் வேறோர் எழுத்துருவிலும் தாமாகவே வந்து அமரும். ஆனால் தமிழும் சிக்கலான எழுத்து, பர்மியும் சிக்கலான எழுத்து. இரண்டுக்கும் கிடைப்பது ஒரே இடம். அந்த இடத்தில் நோட்டோ செரிப் தமிழ் என்று வைத்தால், அதில் பர்மிய எழுத்து இல்லாததால் மென்பொருள் கைக்குக் கிடைத்த வேறோர் எழுத்துருவை எடுத்துப் போடுகிறது. பியிடாங்சு என்னும் ஒருங்குறிப் பர்மிய எழுத்துருவை வைத்தால் தமிழுக்கு அதே கதி. எழுத்து தெரியும், ஆனால் தடிமனும் உயரமும் பொருந்தாமல், ஒரே வரியில் இரண்டு அச்சகத்தார் வேலை செய்ததுபோல இருக்கும்.

முதலில் சொல்லுக்குச் சொல் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினேன். அழைப்பிதழில் உபயதாரர் பெயர்கள் மட்டும் நாற்பதுக்கு மேல், ஒவ்வொன்றும் இரண்டு எழுத்திலும். ஒரு பெயரைத் திருத்தினால் மறுபடியும் மாற்ற வேண்டும். இந்த வழி உதவாது என்று முதல் இரவிலேயே விட்டுவிட்டேன்.

இரண்டாம் இரவில் கிடைத்த வழி இதுதான். விருப்பங்களில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்தை இயக்கி, அதற்கான மொழியாகத் தமிழையும், அடிப்படை எழுத்துருவாக நோட்டோ செரிப் தமிழையும் வைத்தேன். பிறகு எஃப் 11 அழுத்தி, பாணிகளில் எழுத்துப் பாணிப் பகுதியில் 'பர்மி' என்ற பெயரில் ஒரு புதிய பாணி உருவாக்கி, அதன் சிக்கலான எழுத்துருவாகப் பியிடாங்சுவையும் மொழியாகப் பர்மியையும் கொடுத்தேன். பாணியில் கவனிக்க வேண்டியது, மேலே இருக்கும் மேற்கத்திய எழுத்துருப் பகுதியைத் தொடாமல் விடுவது. அதையும் மாற்றினால் பர்மிக்கு நடுவே வரும் ஆங்கில எண்களும் வடிவம் மாறிவிடும்.

இனி அந்தப் பாணியை ஒவ்வொரு சொல்லுக்கும் கையால் கொடுக்க வேண்டியதில்லை. கண்டுபிடித்து மாற்றும் பெட்டியைத் திறந்து, ஒரு குறிப்பிட்ட சொல்லுக்குப் பதிலாக எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேட உதவும் சுருங்குறித்தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) என்னும் தெரிவை இயக்கி, ஒருங்குறி எண் 1000 முதல் 109எஃப் வரை ஒன்றோ பலவோ தொடர்ந்து வரும் இடங்களைத் தேடச் சொன்னேன். பர்மிய எழுத்தும், அதன் எண்ணும், ஒற்றைக்கோடு இரட்டைக்கோடு நிறுத்தக்குறிகளும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. 'எல்லாவற்றையும் கண்டுபிடி' என்றதும் தாள் முழுவதிலும் பர்மி மட்டும் ஒரே சமயத்தில் தேர்வாகி நிறம் மாறி நின்றது. ஒரு தமிழ் எழுத்தைக்கூட அது தொடவில்லை. 'பர்மி' பாணியின் மீது இரண்டு முறை சொடுக்கினேன். அத்தனையும் ஒரே நொடியில் பியிடாங்சுவுக்கு மாறியது. நள்ளிரவு கடந்திருந்தது, மின்சாரம் போய் மின்கலத்தில்தான் கணினி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் மகிழ்ச்சி தாங்காமல், செய்ததை மீட்டு மறுபடியும் இரண்டு முறை செய்து பார்த்தேன்.

எஞ்சியது வரி இடைவெளி. பர்மியில் எழுத்துக்குக் கீழே எழுத்து அடுக்கி வருவதால் அந்த வரிகள் மட்டும் விலகி, தமிழ் வரிகள் நெருங்கித் தெரிந்தன. வரி உயரத்தை 'நிலையானது' என்று வைத்தால் அடுக்கெழுத்தின் அடிப்பாகம் வெட்டுப்படுகிறது. 'குறைந்தபட்சம்' என்று வைத்து, அளவைப் பர்மிய வரி கேட்கும் அளவுக்கே உயர்த்திய பிறகு இரண்டும் சமமாக நின்றன. பர்மியைத் தமிழைவிட எழுத்தளவில் ஒரு புள்ளி (பாயின்ட்) சிறிதாக வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவாகத் தோன்றும். கோயில் தலைவர் அச்சுப்படியைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். "தம்பி, ரெண்டும் ஒரே ஆள் எழுதுன மாதிரி இருக்குப்பா" என்றார்.

அச்சகத்துக்கு ஆவணக் கோப்பைக் கொடுக்காமல் பிடிஎப் ஆக்கியே கொடுத்தேன். பிடிஎப்பில் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால், அவர்கள் கணினியில் ஸோஜி இருந்தாலும் நம் எழுத்து கலையாது.

அழைப்பிதழ் முடிந்தது; ஆனால் பழைய கோப்புகளை மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. முன்பிருந்தவர்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி என்னும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆண்டறிக்கைகளும் உபயப் பட்டியல்களும் ஒரு குறுந்தகட்டில் இருந்து கிடைத்தன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஆங்கிலத்தில் ஜே, கே, பி, ஓ, அதை அடுத்து ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஸோஜியை நினைத்தால் இது நல்ல நோய் என்றே சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தாகத் தெரிவதால் மாற்ற வேண்டிய கோப்பு எது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. ஸோஜியோ பர்மிய எண்களுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால், மென்பொருள்கூடச் சாத்தியக் கணக்குப் போட்டுத்தான் கண்டறிய வேண்டியிருக்கிறது. கூகுள் வெளியிட்ட மியான்மார் டூல்ஸ் அப்படித்தான் வேலை செய்கிறது.

பாமினியை ஒருங்குறிக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். தூய தமிழ்ப் பக்கங்கள் பிழையின்றி வருகின்றன. ஆனால் அதே பக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்த பெயரும் முகவரியும் பாமினி என்றே கருதப்பட்டுப் பொருளற்ற தமிழாக மாறிவிடுகின்றன. எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருந்தது என்பதைப் பார்த்துப் பிரித்து மாற்றினால்தான் இதற்கு முடிவு. பைத்தான் நிரல்மொழிக்கான ஓப்பன் தமிழ் என்னும் நிரல் தொகுப்பில் பாமினிக்கான மாற்றி இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் கோப்பைப் பிரித்து, பாமினி எழுத்துரு கொண்ட துண்டுகளை மட்டும் அதற்கு அனுப்பும் ஒரு சிறு நிரலை எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதற்கிடையே பழைய கணினியைத் தூக்கிப் போட மனம் வராமல், வென்டாய் என்னும் மென்பொருளால் கணினியைத் தொடக்கும்படி தயாரித்த பென்டிரைவில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை வைத்து ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஓடுகிறது, கோயிலில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன், கீமேனும் தமிழ் 99உம் போட்ட பிறகு. நிரல் இப்போதைக்குத் தடித்த எழுத்தில் இருக்கும் துண்டுகளைத் தவறவிடுகிறது. பாணியில் இருந்து வரும் எழுத்துருவை அது படிக்கவில்லை என்று நினைக்கிறேன். இன்றிரவு மின்சாரம் ஒன்பது மணிக்கு வரும், அதில் இருந்து தொடங்க வேண்டும்.