இருநூறு முட்டையில் இரண்டு

வன்னியில் விவசாயப் போதனாசிரியராக வேலை செய்பவளிடம் வயலில் கேட்கப்படும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "மிஸ், உதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" வயதானவர்கள் "பிள்ளை" என்று தொடங்குவார்கள், கேள்வி மாறாது. அதற்குப் பதில் சொல்லி முடிந்த பிறகு, வரம்பில் குந்தியிருந்து கதைக்கும்போது இரண்டாவது கேள்வி வரும். "உது எத்தினை முட்டை போடுமெண்டு இப்பிடிப் பெருகுது?"

எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரு பூச்சியோ மிருகமோ பெருகுவதற்குக் காரணம் அது நிறைய முட்டை போடுவதும் நிறையக் குட்டி போடுவதும்தான் என்று எல்லாரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையோடு வயலைப் பார்த்தால் கொல்வதைத் தவிர வேறு வழி கண்ணில் படாது. எத்தனை பிறக்கிறது என்பதைவிட எத்தனை தப்புகிறது என்பதைப் பார்க்கப் பழகினால், செய்ய வேண்டிய வேலை முழுக்க வேறாகிவிடுகிறது.

கபிலநிறத் தத்தியை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் விவசாயிகள் அறக்கொட்டியான் என்பார்கள். மாரி மழையோடு விதைக்கும் காலபோக நெல் மட்டம் வெடித்துப் பக்கத் தண்டுகள் விட்டு, கதிர் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்தை நெருங்கும்போது, மழை விட்டு வெயிலும் புழுக்கமுமாக நாலு நாள் இருந்தால் நான் இதைத் தேடத் தொடங்கிவிடுவேன். வரம்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. யூரியா நன்றாக விழுந்த வயல் என்றால் மேலே கடும்பச்சையாக, பார்க்கவே ஆசையாக இருக்கும். உள்ளே இறங்கி, பயிரை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீருக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பார்க்க வேண்டும். நெல்மணியில் பாதி அளவுகூட வராத கபிலநிறப் பூச்சிகள் அங்கே ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் உடனே பறக்காது. பக்கவாட்டாக நகர்ந்து தண்டின் மறுபக்கம் போய் நிற்கும்.

வளர்ந்த தத்திகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு நீண்ட சிறகு, மற்றதற்குக் கட்டைச் சிறகு. நீண்ட சிறகுள்ளவை வேறு வயலிலிருந்து பறந்து வந்து குடியேறுபவை. பயிர் இளசாக, சாறு தாராளமாக, நெரிசல் இல்லாமல் இருந்தால் அவற்றின் அடுத்த தலைமுறையில் கட்டைச் சிறகுப் பெண்கள் அதிகம் வரும். அவை எங்கும் போகாது, இருந்த இடத்திலேயே சீக்கிரம் முட்டையிடத் தொடங்கும், கூடுதலாகவும் இடும். நெரிசல் கூடி, பயிரும் முற்றத் தொடங்கினால் மறுபடி நீண்ட சிறகுகள் வந்து, கூட்டம் அடுத்த வயலுக்குக் கிளம்பிவிடும். ஆகவே அடித்தண்டில் கட்டைச் சிறகுப் பெண்களைக் கண்டால், இந்த வயலில் இன்னும் பெருகப் போகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

ஒரு பெண் தத்தி சாதாரணமாக 200 முட்டைக்குக் குறையாமல் இடும். தண்டைச் சுற்றிய இலைமடலைக் கீறி உள்ளே வைக்கும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிகிறது. பாதி பெண் என்று வைத்தால் ஒன்று நூறாகும், நூறு பத்தாயிரமாகும், மூன்றாம் தலைமுறையில் பத்து இலட்சம். மூன்றரை மாத நெல்லில் மூன்று தலைமுறைக்கு இடம் இருக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னால் எல்லாரும் தலையில் கைவைப்பார்கள். ஆனால் பெரும்பாலான வயல்களில், பெரும்பாலான போகங்களில் இது நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்பதைத்தான் விளக்க வேண்டும்.

அந்த 200 முட்டையில் 198 ஏதோ ஒரு கட்டத்தில் செத்து, இரண்டே இரண்டு வளர்ந்து ஒரு சோடியானால், தத்தியின் தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நூற்றுக்கு 99 சாகிறது. அதே இடத்தில் நூற்றுக்கு 98 செத்தால்? நாலு மிஞ்சும். மாதத்துக்கு மாதம் இரட்டிக்கும். 97 செத்தால் மும்மடங்கு. முட்டையின் எண்ணிக்கை அப்படியே இருக்க, சாவு நூற்றுக்கு ஒன்று குறைந்ததற்கே இவ்வளவு வித்தியாசம். நூற்றுக்கு 98 செத்தது என்று கேட்கும்போது நாங்கள் வென்றதாகத்தான் நினைப்போம்.

இந்த 99ஐ நடத்துவது யார்? தண்ணீர் மட்டத்தில் குனிந்து பார்த்தால் அவர்களையும் காணலாம். நெல்லடியில் ஓடித்திரியும் சிலந்தி ஒன்று இருக்கிறது, வலை கட்டாது, துரத்திப் பிடிக்கும். பெண் சிலந்தி தன் முட்டைப் பையை வயிற்றின் நுனியில் கொழுவிக்கொண்டே வேட்டைக்குப் போகும். பொரித்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். இதைக் காட்டினால் சின்னப் பிள்ளைகள் மட்டுமில்லை, அவர்களுடைய அப்பாமாரும் குனிந்துவிடுவார்கள். பச்சை நிறத்தில் மெலிந்த மூட்டுப்பூச்சி ஒன்றும் உண்டு. அது இலைமடலுக்குள் ஊசிபோன்ற வாயைச் செலுத்தித் தத்தியின் முட்டையையே உறிஞ்சும். நாங்கள் தெளிக்கும் மருந்து போய்ச் சேராத இடத்தில் இருக்கும் முட்டை அது.

சரி, இந்த வயலில், விதைத்து மூன்றாம் நாலாம் கிழமையில் இலையில் ஏதோ கடித்திருக்கிறது என்று ஒரு தடவை மருந்தடித்தால் என்ன நடக்கும்? வெளியே ஓடித்திரியும் சிலந்தி முதலில் சாகும். பச்சை மூட்டுப்பூச்சி சாகும். தத்தியிலும் பாதிக்கு மேல் சாகும், அடித்தவருக்குச் சந்தோஷம். மடலுக்குள் இருந்த முட்டைகள் பொரித்து வெளியே வரும்போது எதிரி இல்லாத வயல் காத்திருக்கும். தத்தி ஒரு மாதத்தில் தலைமுறை எடுத்துவிடும், சிலந்திக்கு அதைவிடக் கூடிய காலம் வேண்டும். குடலைக்கும் கதிருக்கும் இடையில், வயலின் நடுவில் வட்டமாகக் காய்ந்து வைக்கோல் நிறமாகும். அப்போது ஆள்விட்டுக் கூப்பிடுவார்கள். 1970களில் இந்தோனேசியாவில் பெரிய அளவில் இப்படித்தான் நடந்தது. கடைசியில் 1986ஆம் ஆண்டு அந்நாட்டு சனாதிபதியே ஆணையிட்டு, நெல்லுக்கு அடித்துவந்த 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்தார். விதைத்து முதல் நாற்பது நாள் கையைக் கட்டிக்கொண்டிருங்கள் என்று நான் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான். மருந்துக்கடையில் வேறுமாதிரிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சோளனுக்கு வந்த படைப்புழுவும் இதே கதைதான். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2018இல் இலங்கைக்குள் வந்து ஒரே போகத்தில் சோளச் செய்கையைக் கலங்கடித்தது. ஒரு பெண் அந்து ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். ஆனால் குருத்தை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பெரிய புழுதான் இருக்கும். புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். பறவையும் குளவியும் எறும்பும் தங்கள் பங்கை எடுக்கும்.

எலிக்கு வருவோம். அதில் எங்கள் கையில் இருக்கும் அதிகாரம் இன்னும் தெளிவாகத் தெரியும். வயல் எலி சினைப்பட்டு மூன்று கிழமை சொச்சத்தில் குட்டி போடும், ஒரு தடவைக்கு ஆறு, எட்டு. ஆனால் வருடம் முழுக்க அப்படிப் போடாது. நெல் குடலையாகும் நேரத்தில் பெண் எலிகள் சினைப்படத் தொடங்கி, கதிர் முற்றும்வரை ஈன்றுகொண்டிருக்கும். வயலில் சாப்பாடு இருக்கும் காலம்தான் அதன் பேறுகாலம். வெட்டு முடிந்தால் அதுவும் முடிகிறது.

வன்னியில் சிக்கல் எங்கே வருகிறதென்றால், மானாவாரிக்காரர் முதல் மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிடுவார்கள். குளத்துத் தண்ணீரை நம்பியவர்கள் பிந்தி விதைப்பார்கள். அதற்குள்ளும் ஒருவர் மூன்று மாத நெல், பக்கத்துக் காணிக்காரர் மூன்றரை மாத நெல். உழவு இயந்திரம் கிடைக்காமல் பிந்துபவர் வேறு. ஒரே வயல்வெளியில் ஒரு மூலை பழுத்திருக்க மறுமூலை குடலையில் நிற்கும். எலிக்குப் பேறுகாலம் ஒரு மாதம் நீண்டால், முதல் ஈற்றில் பிறந்த பெண் குட்டிகளே அந்தப் போகத்துக்குள் தாயாகிவிடும். நஞ்சு வைத்து எத்தனை எலி கொன்றாலும் இந்த நீட்சியை ஈடுகட்ட முடியாது. இதனால்தான் கமக்காரர் அமைப்பின் போகக் கூட்டத்தில் விதைப்புத் திகதி பற்றிய பேச்சு வரும்போது நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு வெளியில் எல்லாரும் இரண்டு கிழமைக்குள் விதைத்து முடிக்க வேண்டும். தத்திக்கும் அதேதான். பறந்து போக அடுத்த வயலில் இளம்பயிர் இல்லையென்றால் அதன் சிறகால் பயனில்லை. கூட்டத்தில் எல்லாரும் ஓம் என்பார்கள், அப்புறம் மழை தன் இஷ்டத்துக்கு வரும். முழுதாக நடந்த போகம் குறைவு. நடந்த வெளிகளில் எலிவெட்டு குறைந்ததை விவசாயிகளே சொல்லியிருக்கிறார்கள்.

பார்த்தீனியம் என்ற களைச்செடி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இலங்கையில் இது முதலில் இனங்காணப்பட்டது எங்கள் வவுனியாவில்தான், 1999இல். ஒரு செடி 15,000 விதைக்கு மேல் கொடுக்கும், முளைத்து ஒன்றரை மாதத்துக்குள் பூத்துவிடும், மண்ணுக்குள் போன விதை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பூத்த செடியைப் பிடுங்கி வண்டியில் ஏற்றி வேறிடத்தில் கொட்டுவதைப்போலக் கெட்ட வேலை இல்லை. பூக்குமுன் பிடுங்குங்கள், கையுறை போடுங்கள், வேறு மாவட்டத்திலிருந்து வரும் வெட்டு மெசினைக் கழுவாமல் வயலுக்குள் விடாதீர்கள். இதன் எதிரிகள் எல்லாம் பிறந்த மண்ணான மெக்சிக்கோப் பக்கமே நின்றுவிட்டதால், இங்கே அந்த 99ஐ நாங்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது வயலில் அதிகம் கேட்பது குரங்கும் மயிலும் பன்றியும். 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை நாடு முழுக்கத் தோட்டம், வயலில் நின்ற மிருகங்களை எண்ணினார்களே, அன்று எங்கள் ஊர்களிலும் படிவத்தோடு நின்றார்கள். ஆர்வமாகச் செய்தார்கள், அது நல்லது. ஆனால் ஒரு தடவை எண்ணினால் எத்தனை நின்றது என்று மட்டும்தான் தெரியும். எத்தனை பிறக்கிறது, எத்தனை வளர்கிறது, எங்கிருந்து வருகிறது என்பதற்குத் திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில், ஒரே முறையில் எண்ண வேண்டும். குரங்கு ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் ஈனும். அது ஊருக்குள் பெருகியிருக்கிறது என்றால், காட்டில் சாகவேண்டிய குட்டிகள் எங்கள் குப்பைமேட்டையும் மாமரத்தையும் தின்று தப்புகின்றன என்பதுதான் நான் காணும் முதல் காரணம்.

பன்றி வேறு இனம். நாலு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான சினை, ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி, நல்ல தீனி கிடைத்தால் ஒரு வயதுக்குள்ளேயே சினைப்படும். வேட்டையில் பத்துப் பன்றி விழுந்தால், மிஞ்சியவற்றுக்குத் தீனி கூடக் கிடைத்து அடுத்த ஈற்றில் அந்த இடம் நிரம்பிவிடும்.

யானைக்கு அந்தக் கணக்கே இல்லை. 22 மாதம் சுமந்து ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு நாலைந்து வருடம். டார்வின் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: மிருகங்களில் மிக மெதுவாகப் பெருகும் யானையே, 30 வயதில் தொடங்கி 90 வயதுவரை ஆறு குட்டி போட்டு, எல்லாம் தப்பிப் பிழைத்தால், ஒரு சோடியிலிருந்து 740, 750 வருடத்தில் ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் யானைகள் ஆகிவிடும் என்று. பிறப்பு எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சாவுதான் தொகையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. 2011இல் வறட்சிக் காலத்தில் நீர்நிலைகளில் நின்று எண்ணியபோது இலங்கை முழுக்க 5,879 யானைகள்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானையால் வீடும் நெல்லும் போனவர்களிடம் இதைச் சொல்வது இலேசான காரியமில்லை. ஒரு இரவில் ஒரு போகத்தையே இழந்தவருக்கு நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை, நட்டஈட்டுப் படிவத்தை நிரப்பத்தான் உதவுவேன். ஆனால் பன்றிக்கு என்று பூசணித் துண்டுக்குள் வெடி வைப்பதைப் பற்றிக் கதை வந்தால் சும்மா இருக்க மாட்டேன். அதைக் கடித்து வாய் சிதறிப் பட்டினியில் சாவதில் யானைக் குட்டிகளே அதிகம். ஒரு பன்றி போனால் பன்றிக்கு ஒரு குறையும் வராது. ஒரு பெண் யானைக் குட்டி போனால், அது பத்துப் பன்னிரண்டு வருடம் வளர்ந்து பிறகு ஈனவிருந்த அத்தனையும் போகிறது. சட்டத்திலும் அது குற்றம்.

அதற்குப் பதிலாக என்ன என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஒவ்வொருவரும் தன் காணிக்குத் தனித்தனியாக அடைப்பதை விட்டு, வெளி முழுவதையும் சுற்றி ஒரே மின்வேலி. விதைத்ததும் போட்டு, வெட்டு முடிந்ததும் கழற்றிவிடுவது. முறையான மின்னூட்டியில்தான், வீட்டு மின்சாரத்தை ஒருபோதும் கம்பியில் கொடுக்கக் கூடாது. கீழே இரண்டு கம்பி தாழ்வாக ஓடினால் பன்றியும் தடைப்படும். கம்பியில் புல் முட்டாமல் வெட்டுவதற்கு முறை வைத்து ஆள் போக வேண்டும், பற்றரியை யார் வீட்டில் வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அடுத்த போகக் கூட்டத்தில் விதைப்புத் திகதிக்குப் பிறகு இதையும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.