நெஞ்சு வலின்னு போனா இந்த மாத்திரை போட்டதையும் சொல்லிடுங்க

ஆணுறுப்பு விறைப்புக்கு மாத்திரை எடுக்கிறவங்க நிறைய பேரு, ஆனா வீட்லயும் சொல்றதில்ல டாக்டர்கிட்டயும் சொல்றதில்ல, சில்டெனாஃபில் டடாலாஃபில்னு யார்கிட்டயோ பேர மட்டும் கேட்டுகிட்டு வாங்கிப் போட்டுடுறாங்க. எனக்கு பெரிய பயமே இப்படி மறைக்கிறதுதான்.

இந்த மாத்திரை ரத்தக்குழாய விரிய வெச்சுதான் வேலை செய்யுது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற நைட்ரேட் மாத்திரையும் ரத்தக்குழாய விரிக்கிறதுதான், ரெண்டும் உடம்புல ஒண்ணா சேர்ந்தா பிரஷர் சட்டுனு இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். ராத்திரி மாத்திரை போட்டவருக்கு விடியக்காலைல நெஞ்சு வலின்னு வைங்க, எமர்ஜென்சில அவர் வாயத் தொறக்கலன்னா அங்க இருக்குற டாக்டருக்கு எப்படிங்க தெரியும்? சில்டெனாஃபில் போட்டிருந்தா 24 மணி நேரம், டடாலாஃபில்னா 48 மணி நேரமாவது கழிச்சுதான் நைட்ரேட் பத்தியே யோசிப்பாங்க. அதனால எந்த மாத்திரை, எத்தன மணிக்குன்னு ரெண்டையும் சொல்லணும். மனைவிக்கும் தெரிஞ்சிருக்கட்டும், உங்களால பேச முடியலன்னா அவங்கதானே சொல்லணும். இதயத்துக்கு ஏற்கனவே நைட்ரேட் எடுத்துட்டு இருக்கிறவங்க இத தொடவே கூடாது, இடைவெளி விட்டு போட்டுக்கலாம்ங்கிற கணக்கெல்லாம் அவங்களுக்கு இல்ல.

புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி எடுக்கிறவங்களும் சொல்லிடுங்க, ரெண்டும் சேர்ந்தா எழுந்து நிக்கும்போது தலை சுத்தி விழ வாய்ப்பிருக்கு.

அப்புறம் "கேக்கல, இன்னொன்னு போடுறேன்"னு ஒரு பழக்கம். வேணாங்க. சில்டெனாஃபில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், சுமார் ஒரு மணி நேரம் முன்னாடி. கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டா லேட்டாதான் பிடிக்கும், மனசுல ஆசை இல்லன்னா பிடிக்கவே பிடிக்காது. இது தெரியாமலே பல பேரு டோஸ ஏத்திடுறாங்க. விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல அடங்கலன்னாலோ, திடீர்னு கண்ணு தெரியலன்னாலோ வெக்கப்பட்டு காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

மூலிகைன்னு விக்கிற சிலதுலயும் சில்டெனாஃபில ரகசியமா கலந்திருக்கிறத சோதனைல கண்டுபிடிச்சிருக்காங்க, அத சாப்பிடுறவருக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்னே தெரியாதே!

இன்னொரு விஷயமும் இருக்கு. ஆணுறுப்புக்குப் போற ரத்தக்குழாய் இதயத்தோடத விட மெல்லிசு, அதனால அடைப்போட அறிகுறி சில பேருக்கு முதல்ல இங்கதான் தெரியுது. டாக்டர்கிட்ட போனா சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் பாப்பாரு. வாய்விட்டு சொல்ல கூச்சமா இருந்தா ஒரு பேப்பர்ல எழுதி நீட்டுங்க, அவருக்கு இது தினமும் கேக்குற விஷயம்தான்.