முப்பத்தெட்டு வரிகள்: ஒரு வங்கிக் கணக்கின் நாட்குறிப்பு

2025 மார்ச் 4

ஆண்டுக்கு ஒருமுறை தானாகவே கழிக்கப்படும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் இம்முறை வந்து சேரவில்லை என்று காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. சலுகைக் காலம் முடிய இன்னும் பதினைந்து நாள்களுக்கு மேல் இருந்ததால், வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து உடனே செலுத்திவிட்டேன். ஆனால் பணம் ஏன் போகவில்லை என்பது புரியவில்லை. பிரீமியம் 12,480 ரூபாய்; அந்தக் கணக்கில் 3,500 ரூபாய் ஏற்கெனவே கிடக்கிறது என்ற நம்பிக்கையில் பிப்ரவரி மாதம் 12,000 ரூபாய் அனுப்பியிருந்தேன். மாலையில் கணக்கறிக்கையைப் பதிவிறக்கிப் பார்த்தபோது, அந்த 3,500 ரூபாயில் 300 ரூபாய்கூட மிஞ்சவில்லை என்று தெரிந்தது.

2025 மார்ச் 5

இன்று காலை முழுவதும் அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். என்ன நடந்தது என்பதை வரிசைப்படுத்தி எழுதி வைக்கிறேன். பின்னால் கடிதம் எழுத இது உதவும்.

அது பழைய வேலையில் இருந்தபோது தொடங்கப்பட்ட சம்பளக் கணக்கு. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாதது. 2022 ஜூனில் அந்த வேலையை விட்டேன். மூன்று மாதம் சம்பளம் வரவு வைக்கப்படாததால், அதே ஆண்டு அக்டோபரில் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிட்டிருக்கிறது. அந்த நாளிலிருந்து காலாண்டுச் சராசரி இருப்பாக, அதாவது மூன்று மாதங்களின் அன்றாட இருப்புகளின் சராசரியாக, 5,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது எனக்குத் தெரியாது. 2022 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை ஒன்பது காலாண்டுகள், ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய் கழித்திருக்கிறார்கள். அதோடு குறுஞ்செய்திக் கட்டணம் என்று காலாண்டுக்கு 15 ரூபாய். இப்படிக் கழித்துக் கழித்து இருப்பு கரைந்ததால், பிப்ரவரியில் பிரீமியம் கேட்டு வந்தபோது சுமார் 190 ரூபாய் குறைந்து, அது திருப்பி அனுப்பப்பட்டது. திருப்பி அனுப்பியதற்கு 500 ரூபாய் கட்டணம். ஒவ்வொரு கட்டணத்துக்கும் கீழே 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி வரியாக நிற்கிறது. ஆக, பத்தொன்பது கட்டணங்கள், பத்தொன்பது வரிப்பிடித்தங்கள், அறிக்கையில் மொத்தம் முப்பத்தெட்டு வரிகள். தொகை 3,935 ரூபாய் 30 காசு.

என்னை உண்மையிலேயே வருத்துவது கடைசிக் கட்டணம்தான். பணம் போதவில்லை என்பதற்காக 500 ரூபாய் கழித்தார்கள். போதாமல் போனதற்குக் காரணம் அவர்கள் முன்பு கழித்த கட்டணங்கள். காப்பீட்டு நிறுவனம் கடிதம் அனுப்பாமல் இருந்திருந்தால் பாலிசியே காலாவதியாகியிருக்கும்.

2025 மார்ச் 7

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். மொழியைத் தேர்ந்தெடுத்து, கணக்கு எண்ணை இட்டு, ஐந்து வகை விளம்பரங்களைக் கேட்ட பிறகு ஒரு மனிதக் குரல் கிடைக்க இருபத்து மூன்று நிமிடங்கள் ஆயின. பேசிய பெண் பொறுமையானவர். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் நான் அழைக்கும் எண் பதிவில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை என்பதால் கணக்கு விவரம் எதையும் சொல்ல இயலாது என்றார். பதிவில் உள்ள எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டார். சும்மா ஒரு யோசனையில், மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் கைவிட்ட பழைய எண்ணைச் சொன்னேன். பொருந்தியது.

எண்ணை மாற்றித் தரும்படி 2022 ஆகஸ்டில் கிளையில் நேரில் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு எங்காவது இருக்க வேண்டும். இரவு பழைய கோப்புகளைத் தேடினேன், கிடைத்தது. கணக்கு மாற்றப்படுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முந்தைய தேதி அதில் தெளிவாக இருக்கிறது. அப்படியென்றால் கணக்கு வகை மாறிய அறிவிப்பும், இருப்பு குறைந்த எச்சரிக்கைகளும் யாரோ ஒரு அந்நியருடைய கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கின்றன. அந்தக் குறுஞ்செய்திகளுக்கான கட்டணத்தையும் நான்தான் செலுத்தியிருக்கிறேன்.

2025 மார்ச் 10

கிளைக்குப் போனேன். டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு முதியவர் பாஸ்புக்கை நீட்டி, "போன தடவை இருந்த பணம் இப்போ குறைஞ்சிருக்கே, ஏம்மா?" என்று கேட்டார். அச்சிடும் இயந்திரம் பழுது, அடுத்த வாரம் வாருங்கள் என்று பதில் வந்தது. அவர் மறுபேச்சின்றி எழுந்து போய்விட்டார். அவருடைய பணமும் எனக்குப் போன வழியிலேயே போயிருக்கலாம் என்ற எண்ணம் நாள் முழுவதும் நெஞ்சை விட்டு அகலவில்லை.

என் முறை வந்ததும், கட்டணத்தைக் கணினியே கழித்துக்கொள்கிறது, கிளையில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். மேலாளர் கூட்டத்தில் இருந்தார். எத்தனை ஊழியர்கள் செய்யும் வேலையை அந்தக் கவுன்டரில் ஒருவரே செய்கிறார் என்பது உட்கார்ந்து பார்த்தால் புரியும். அதனால் அவரோடு வாதிடவில்லை. ஆனால் கணினிக்குக் கட்டளை கொடுத்தது மனிதர்கள்தாமே. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான் வாடிக்கையாளர் கண்டுபிடிக்க முடிவதில்லை.

2025 மார்ச் 11

இன்று எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தேன். ஒரு படி கிளையில் கொடுத்து முத்திரை பெற்றேன். இன்னொன்றை வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு அனுப்பிப் புகார் எண் பெற்றேன். எண் இல்லாத புகார் புகாரே ஆகாது.

நேற்று இரவு ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளைப் படித்ததில் கிடைத்தவற்றைத்தான் கடிதத்தின் அடித்தளமாக வைத்தேன். 2014 நவம்பரில் வெளியிடப்பட்டு 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த ஒரு சுற்றறிக்கை, என் கணக்கைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அறிவிப்பு நாளிலிருந்து குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அதற்குள் சரிசெய்யாவிட்டால் மட்டுமே கட்டணம். அந்தக் கட்டணமும் பற்றாக்குறையின் அளவுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். கட்டணத்தின் காரணமாக மட்டுமே கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது.

பற்றாக்குறையின் அளவு என்ற இடத்தில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2023 முதல் காலாண்டில் பிரீமியத் தொகை பத்து நாள் கணக்கில் இருந்ததால், சராசரி இருப்பு 5,000-க்கு வெகு அருகில் வந்திருக்கிறது. குறைவு 500 ரூபாய்க்கும் உள்ளேதான். 2024 கடைசிக் காலாண்டிலோ குறைவு 4,300 ரூபாய்க்கு மேல். இரண்டுக்கும் ஒரே 300 ரூபாய். இதைவிடத் தெளிவான சான்று வேறு வேண்டியதில்லை. குறுஞ்செய்திக்கான கட்டணமும் உண்மையான பயன்பாட்டின் அடிப்படையில்தான் இருக்க வேண்டும் என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது; மாதக்கணக்கில் ஒரு வரவு செலவும் நடக்காத காலாண்டுகளிலும் அதே 15 ரூபாய் பிடித்திருக்கிறார்கள்.

கடிதத்தில் கோபம் தொனிக்கும் சொற்களை எல்லாம் அடித்துவிட்டுத் தேதி, தொகை, விதி, கோரிக்கை ஆகிய நான்கை மட்டும் வைத்தேன். ஒப்புகைச் சீட்டின் நகலை இணைத்தேன்.

2025 மார்ச் 19

இன்னும் பதில் இல்லை. ஒரு கட்டணம் இன்னொரு கட்டணத்தைப் பெற்றுப் போடுகிற இந்த ஏற்பாடு நம்மிடம் மட்டும்தானா என்று தேடியபோது, அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு கண்ணில் பட்டது. வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒரே நாளில் வந்த பற்றுகளை அவை வந்த வரிசையில் கழிக்காமல், பெரிய தொகையிலிருந்து சிறிய தொகை என்று மாற்றி அடுக்கியிருந்தது. பெரியது முதலில் போனால் இருப்பு சீக்கிரம் தீரும். அதன்பின் வரும் சிறுசிறு பற்றுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மிகைப்பற்றுக் கட்டணம், அதாவது இருப்பை மீறி எடுத்ததற்கான கட்டணம், விதிக்கலாம். 2010-இல் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஆல்சப், வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ 203 மில்லியன் டாலரைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டார். என் வங்கி வரிசையை மாற்றியதாக நான் சொல்லவில்லை. கட்டணம் எந்த வேளையில் எந்த ஒழுங்கில் விழுகிறது என்பதை வங்கி ஒன்றே அறிந்திருப்பதுதான் இரண்டு இடத்திலும் பொதுவாக இருக்கிறது.

2025 மார்ச் 27

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று மின்னஞ்சல். காரணம் இல்லை, விளக்கம் இல்லை, பணமும் இல்லை.

2025 மார்ச் 28

நேற்றைய மின்னஞ்சலைப் பார்த்துச் சோர்ந்துபோய், விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். வீட்டிலும், "நாலாயிரத்துக்கு எத்தனை நாள் அலைவீர்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிதி அமைச்சகம் அளித்த பதில் நினைவுக்கு வந்தது: 2023-24 வரையிலான ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் மட்டும் குறைந்தபட்ச இருப்பு வைக்காததற்காக வசூலித்த தொகை சுமார் 8,500 கோடி ரூபாய். பாரத ஸ்டேட் வங்கி 2020-இலேயே இக்கட்டணத்தைக் கைவிட்ட பிறகும் சேர்ந்த தொகை அது. மூன்று நூறு, ஐந்து நூறு என்று, யாரும் அலைய விரும்பாத அளவிலேயே பிடிக்கப்பட்டுச் சேர்ந்த கோடிகள். வசதியுள்ளவரின் கணக்கில் இருப்பு குறைவதில்லை. மாதக் கடைசியில் துடைத்தெடுத்துச் செலவழிப்பவரின் கணக்கில்தான் குறையும். அந்த முதியவர் எழுந்து போனதை நினைத்துக்கொண்டு வங்கிக்கு மீண்டும் எழுதினேன்.

இம்முறை ஒரே கேள்வி. பத்துக்கு மேற்பட்ட கிளைகள் உள்ள வங்கிகள் உள்-குறைதீர்ப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும், வங்கி முழுமையாகவோ பகுதியாகவோ நிராகரிக்கும் புகார்கள் வாடிக்கையாளருக்குப் பதில் போகும் முன்பே அவருடைய பார்வைக்குச் செல்ல வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கியின் நெறிமுறை 2018 முதல் இருக்கிறது. என் புகார் அவரிடம் போனதா, இல்லையா?

2025 ஏப்ரல் 11

பதில் இல்லை. புகார் கொடுத்து 30 நாள்கள் நேற்றோடு முடிந்தன. இன்று ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் புகாரைப் பதிவு செய்தேன். முன்பு வங்கி, நிதி நிறுவனம், மின்னணுப் பரிவர்த்தனை என்று மூன்றாகப் பிரிந்து கிடந்த திட்டங்கள் 2021 நவம்பர் 12 அன்று ஒருங்கிணைக்கப்பட்டதால், எந்த ஊர் அலுவலகத்துக்கு எழுதுவது என்று தேட வேண்டிய தேவை இப்போது இல்லை. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்ததற்கான சான்றைக் கேட்கிறார்கள். மார்ச் 11 அன்று கிளையில் வாங்கிய அந்த முத்திரை இங்கே உதவியது. வாயால் மட்டுமே கேட்டுவிட்டுத் திரும்பியவர்களுக்கு இந்தக் கதவு திறக்காது என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

2025 மே 2

வங்கியின் மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கிளையில் எந்த மேலாளரையும் பார்க்க முடியாத எனக்கு, குறைதீர்ப்பாளரின் கடிதம் போன பிறகு மேலதிகாரியே அழைக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார். நல்லெண்ண அடிப்படையில் பாதித் தொகையைத் திருப்பித் தருவதாகவும், புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் சொன்னார். நல்லெண்ணம் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அறிவிப்பு உரிய எண்ணுக்கு அனுப்பப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் வேண்டும் என்று கூறினேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, பார்த்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தார்.

2025 மே 14

எழுத்தில் பதில் வந்தது. கைப்பேசி எண் மாற்றும் விண்ணப்பம் கிளையில் பெறப்பட்டது உண்மை என்றும், அது கணினியில் ஏற்றப்படாமல் விடுபட்டது தங்கள் தரப்புப் பிழை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கட்டணங்களும் திருப்பித் தரப்படும். எல்லோருக்கும் ஒரே 300 ரூபாய் என்ற கட்டண முறையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. இதைப் படித்தபோது மகிழ்ச்சியைவிட அலுப்பே மேலோங்கியது. இரண்டே வாக்கியங்களில் அடங்குகிற இந்த உண்மையை மார்ச் மாதமே அவர்களால் பார்த்திருக்க முடியும்.

2025 ஜூன் 2

ஜூன் 1 முதல் எல்லாச் சேமிப்புக் கணக்குகளுக்கும் குறைந்தபட்ச சராசரி இருப்பு நிபந்தனையைக் கனரா வங்கி நீக்கிவிட்டதாகச் செய்தி. பிற வங்கிகளும் பின்பற்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு காலாண்டுக்குப் பிடிக்கும் 300 ரூபாய், பலருக்கு ஒரு நாள் கூலி அளவுள்ள தொகை.

என் கணக்கில் இன்று பணம் வரவு வைக்கப்பட்டிருக்கிறது: 3,335 ரூபாய். பத்தொன்பது கட்டணங்களும் வந்துவிட்டன; அவற்றின்மேல் பிடித்த வரி, 600 ரூபாய் 30 காசு, வரவில்லை. கட்டணமே தவறு என்றால் அதன்மீது விதித்த வரியும் எனக்குத் திரும்பவேண்டியதுதான். குறைதீர்ப்பாளரின் கோப்பு இன்னும் திறந்தே இருக்கிறது. அறிக்கையில் அந்தப் பத்தொன்பது வரிகளையும் அடிக்கோடிட்டு, நாளைக் காலை அனுப்புவதற்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.