உறையில் பெயர் இல்லை
“அனுப்புநர் முகவரி எழுதலீங்களா?”

தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றவர் பதில் சொல்லாமல் உறையைத் திருப்பிக் காட்டினார். விளிம்பெல்லாம் பசை தடவி ஒட்டியிருந்தது, மேலே பெரிதாக ‘பிஐடிபிஐ’. பொதுநலனுக்காகத் தகவல் தருவோரைப் பாதுகாக்கும் ஏற்பாட்டின் ஆங்கிலச் சுருக்கம் அது.

மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு ரகசியப் புகார் இப்படித்தான் போக வேண்டும். பெயர் உறைமேல் இருக்கக் கூடாது, ஆனால் உள்ளே கட்டாயம் இருக்க வேண்டும். மொட்டைக் கடிதம் செல்லாது. மாநில அரசு ஊழியர் மீது புகார் என்றால் ஆணையத்துக்கு அதிகாரமே கிடையாது.

இந்த ஏற்பாடு 2004-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கயாவில் பொறியாளர் சத்யேந்திர துபேயைச் சுட்டுக் கொன்றார்கள். நெடுஞ்சாலைப் பணி முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியவர், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதினார், ஆனால் அந்தக் கடிதம் பெயரோடு மேசை மேசையாகப் போனது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்புறம் 2014-இல் முறைகேடுகளை அம்பலப்படுத்துவோருக்கான பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் இத்தனை வருஷமாகியும் அமலுக்கு வரவில்லை.

அதற்கு நாடாளுமன்றம் மறுபடி ஓட்டுப் போடக்கூட வேண்டாம். மத்திய அரசு தேதி குறித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். வெளியிடுங்கள்.