நேத்து வரைக்கும் சுட்டவன் கூட இன்னிக்கு எப்படி கை குலுக்குறது

மூணு வாரமா ஒரே சீன்ல மாட்டிக்கிட்டு கிடக்கேன். விண்வெளிப் போர் கதை ஒண்ணு எழுதிட்டு இருக்கேன்ல, அதுல ரெண்டு பரம எதிரிங்க மூணாவதா வந்த ஒருத்தனுக்கு எதிரா கூட்டு சேரணும். முதல் டிராஃப்ட்ல தளபதிங்க ரெண்டு பேரும் கண்கலங்கி கை குலுக்கிட்டாங்க, படிச்சுப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

அப்புறம் 1941 பக்கம் போய் பாத்தேன். ஜூன் 22 ஹிட்லர் சோவியத் மேல பாயுறான், ஜூலை 12 பிரிட்டனும் சோவியத்தும் மாஸ்கோல கையெழுத்தே போட்டாச்சு. சர்ச்சில் யாரு, கம்யூனிசத்த வருஷக்கணக்கா திட்டுன ஆளு! ஒப்பந்தத்தோட சாரமே ரெண்டுதான், ஒருத்தருக்கொருத்தர் உதவணும், தனியா போய் எதிரிகிட்ட சமாதானம் பேசக்கூடாது. அந்த ரெண்டாவதுதான் வெயிட்டு, ஏன்னா இவன் நம்மள நடுவுல விட்டுட்டு போயிருவானோங்கிற பயம் ரெண்டு பக்கமும் இருக்குல்ல. (1944ல போலந்து தலைநகர் வார்சால ஜெர்மன்காரங்களுக்கு எதிரா நடந்த எழுச்சிக்கு உதவப் போன நேச நாட்டு விமானங்கள தன் தளத்துல இறங்க ஸ்டாலின் ஆரம்பத்துல விடவே இல்ல, கூட்டணின்னா இதுவும் உண்டு.)

அதனால என் கதைல அந்த சீனையே மாத்திட்டேன். இப்ப மொத்த இழுபறியும் கப்பலோட அடையாள சிக்னல் பத்திதான். சேந்து போரிடும்போது ஒருத்தர ஒருத்தர் சுட்டுக்காம இருக்க அத கொடுத்தே ஆகணும், கொடுத்தா நாளைக்கு அத வச்சே அவன் நம்ம வாசலுக்கு வந்துருவான். தளபதியம்மா பேனாவ மூடி வச்சுட்டு, "எத்தனை நாளைக்குச் செல்லும்?"னு கேக்குறாங்க. எதிர்ல இருக்குறவன் பதில் சொல்லாம அவங்களோட தீஞ்சு போன இடது கையவே பாக்குறான், அது அவன் போட்ட குண்டு.

இப்போதைக்கு அங்க நிக்குது.